உள்மூச்சில் சொன்ன ஆமாம்

தௌகோ, என் ரேடியோவுக்குக் காது கேட்டுவிட்டது, அம்மாவின் போர்டு பாஸ், நிஜமாகவே பாஸ்!

கண்ணா, இங்கே நான், அப்பா, நாய் மூவரும் சுகம், நம்மூர் ஊலு ஆற்றில் ஐஸ் உருகிப் போய்விட்டது, உன் சுகத்தை நீயே எழுதினால்தான் நம்புவேன். சிலியில் மீன்பண்ணையில் நாள் முழுக்க நனைகிறவன் நீ, கம்பளி சாக்ஸ் போடு, காய்ந்ததாகப் போடு. போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, போன ஞாயிறும் அப்படித்தான், நடுக்கோடை யுஹன்னுஸ் பண்டிகைக்கு வருகிறாயா, ஏரிக்கரையில் நெருப்பு மூட்ட நீ இருப்பாயா என்று கேட்டேன், உன் பக்கம் சத்தமே இல்லை, வரமாட்டான் என்று நானே முடிவுகட்டி வாரம் முழுக்க அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அது இருக்கட்டும், கதையைக் கேள்.

என் போர்டு உனக்குத் தெரியும், மொபைல் டவரில் உட்காரும் ரேடியோ. பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், கொஞ்சம் பேசும், உடனே வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் கேட்கும், கண் இமைப்பதற்குள் பலமுறை. வாய் மூடுவதற்குள் காதைத் திறந்தால் காது போச்சு. அந்தக் காதுக்குக் கதவு போடுவதுதான் என் வேலை, காலேஜ் போகாமல் வீடியோ பார்த்தும் ஃபோரத்தில் சண்டை போட்டும் சமையலறை மேசையில் கற்ற வேலை. அது என்னடா என்றால், கேட்கத் தொடங்கும்போதெல்லாம் முதலில் வெறும் இரைச்சல், தூரத்துப் போன் அதில் முழுகிப்போகும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் உன் போர்டை ஓரங்கட்டிவிட்டு வெளியே ரெடிமேடாக வாங்கிவிடுவோம் என்று மேலாளர் மிர்வா சொல்லிவிட்டாள். பேசுகிற பக்கத்து ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கும் வெய்யோ வேறு, "உன் கதவுதான் ஒழுகுது, யூடியூப் மகாராணி, வேணும்னா கீழ ஒரு கமென்ட் போட்டுக் கேளு" என்றார். நான் விடுவேனா, "உன் ஆம்ப்ளிஃபையர்தான்யா வாயை மூடாம முணுமுணுக்குது, சௌனா நீராவிக் குளியல்ல நீ பாடற மாதிரி" என்றேன்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், ஆம்ப்ளிஃபையரை அணைக்கிற இணைப்பில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பழைய குண்டுக் கெபாசிட்டர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! பெரிய வாளி காலியாக நேரம் ஆகும் இல்லையா, அணை என்ற பிறகும் அது அரைத்தூக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கிறது, அந்த உறுமல்தான் என் காதுக்குள் வந்து விழுகிறது. சின்னதாக மாற்றக் குளிர்காலத்திலேயே முடிவு செய்தோமே! போலந்தில் உட்கார்ந்து போர்டு வரைபடம் போடும் போஜெனாவை வீடியோவில் பிடித்தோம். "அன்னிக்கு வீடியோ மீட்டிங்ல மாத்தலாமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன், வெய்யோகிட்டேர்ந்து சத்தமே இல்ல, பிடிக்கலபோலன்னு விட்டுட்டேன்" என்றாள். வெய்யோ குதித்தார், "நான்தான் 'யோ'ன்னு சொன்னேனே!" எப்படிச் சொன்னே, சொல்லிக் காட்டு என்றேன். சொன்னார். நம்மூர் யோ! ஆமாம் என்பதை வெளியே விடாமல் மூச்சோடு உள்ளே இழுத்துச் சொல்வோமே, அதே யோ. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. போஜெனாவுக்கு மட்டும் அவர் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடியதுதான் தெரிந்தது, மூச்சை வெறும் இரைச்சல் என்று நினைத்து மீட்டிங் ஆப் வெட்டி எறிந்துவிட்டது!

அங்கேயே அந்தக் குண்டனைப் பிடுங்கிச் சின்னதை வைத்துப் பற்றவைத்தேன், வெய்யோதான் விளக்குப் பிடித்தார். ஆன் செய்தோம், திரையில் இரைச்சல் கோடு பொத்தென்று கீழே விழுந்தது. மிர்வா வந்து பார்த்து "ம், பரவாயில்ல" என்றாள், அவள் வாயில் அது வந்தால் தோளில் தூக்கிவைத்து ஆடிய மாதிரி. என் போர்டு டவருக்குப் போகிறது, தௌகோ! வெய்யோ எல்லோருக்கும் புல்லா ரொட்டி வாங்கிவந்தார். இனிமேல் ஆமாம்னா வாய்விட்டுச் சொல்வியான்னு கேட்டேன். மனுஷன் மூச்சை உள்ளே இழுத்து "யோ" என்றார்.

சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது பாலத்தில் சட்டென்று பிரேக் போட்டேன். டேய், நீயும் உள்ளே இழுக்கிறவன்தானே, அப்பா மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை யோ என்றுதான் சொன்னாயா, போன் தின்றுவிட்டதா?

நன்றாகச் சாப்பிடு, தெம்பாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. சாக்ஸை மறக்காதே. அப்பா ஏரிக்கரையில் விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டார், எவ்வளவு உயரம் அடுக்கட்டும் என்று கேட்கிறார். இந்த முறை மூச்சை நம்பாதே, உடனே எழுது, ஆமாம் என்றால் கொட்டை எழுத்தில்.

உன் அம்மா,
சைலா