எலி ஒழிப்பில் இன்றியமையாதவர்

சிபுந்து தீவுத் தொடக்கப் பள்ளி,
7 பிப்ரவரி 1988

குரங்கு தின்னி கசோண்டேவுக்கு,

உன் எஜமானி எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் உன் மனைவி மக்களும் நலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் ங்கோனிகளுக்கு மூட்டை தூக்க ஆள் கிடைக்கும்.

பதினைந்து நாள் கழித்து இன்று தபால் படகு வந்தது. மண்ணெண்ணெய் வந்தது, உப்பு வந்தது, பாதிரியாருக்கு இரண்டு ஆடு வந்தது. என் இடமாற்ற ஆணை மட்டும் வரவில்லை. அக்டோபரில் படகிலும் லாரியிலுமாக இரண்டு நாள் இடிபட்டு வந்து, மாகாண அலுவலகத்தில் உன் கையில் மனுவைக் கொடுத்தேன். அதில் என் ங்கோனிப் பெயரைப் பார்த்ததுமே நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "எலி தின்னி வந்துட்டா, பிஸ்கட் டப்பாவை மூடி வைங்கடா" என்றாய். "டப்பா கிடக்கட்டும், உன் அண்ணன் வாசல் மாமரத்துல வாலைத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கான், போய் இறக்கிக் கூட்டிட்டு வா" என்றேன். அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் உங்கள் பெம்பா இனமும் எங்கள் ங்கோனி இனமும் ஈட்டியால் குத்திக்கொண்டு செத்ததற்கு இந்த ஒரு லாபம்தான் மிச்சம். முன்பின் தெரியாதவனைக்கூட வாய்க்கு வந்தபடி ஏசலாம், அவனும் கோபப்படக் கூடாது.

ஆனால் சிரித்ததோடு என் மனுவை மறந்துவிடாதே. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அதில் ஐந்து வருடம் நான் இந்தத் தீவில், என் கணவர் யோபே சிப்பாட்டாவில் மாட்டு டாக்டருக்கு உதவியாளர். கணவன் இருக்கும் ஊருக்கு மனைவியை மாற்றித் தரலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. அவர் போன கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "எனக்குப் பொண்டாட்டின்னு இருக்கறது ஒரு கட்டு தபால்தான்." வேடிக்கையாக எழுதியதா, வெறுத்துப் போய் எழுதியதா என்று தெரியாமல் நாலு நாளாய் அதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் எஜமானி,
தோக்கோசிலே ஜெரே

*

பதிவேட்டு அறை, மாகாண அலுவலகம்,
2 மார்ச் 1988

எலி தின்னி தோக்கோசிலேவுக்கு,

உன்னை விலைக்கு வாங்கிய எஜமான் எழுதுவது. கடிதம் வந்தது. பிரிக்கும்போதே சுட்ட எலி வாசனை.

உன் கோப்பு இங்கே இல்லை. ஜனவரியிலேயே தலைநகர் லுசாக்காவுக்குப் போய்விட்டது. என் கையாலேயே குறிப்பு எழுதி, நிர்வாக அதிகாரி முபியானாவின் மேசையில் வைத்தேன். அவர் சாப்பாட்டு மணிக்கு முன்னால் நாற்பது கோப்பில் கையெழுத்துப் போடுகிற மனிதர். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்" என்றால், "படிக்கறதுக்குத்தான்யா உங்களை வெச்சிருக்கு" என்பார். எப்படியோ, போக வேண்டியது போய்விட்டது. லுசாக்காவில் இழுத்தடிப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஏப்ரலுக்குள் வந்துவிடும்.

என் சமாச்சாரம் ஒன்று. தலைமை எழுத்தர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. பதினேழு வருடம் பசை தடவிய கை. ஜூலையில் குழு கூடுகிறது. நீ சிப்பாட்டா போனதும் உன் சாமி எலியிடம் எனக்காக வேண்டிக்கொள்.

உன் எஜமான்,
கசோண்டே சிலேக்வா

*

சிபுந்து தீவு,
11 மே 1988

கசோண்டே,

இன்று ஏச்சு பிறகு. முதலில் இதைப் படி. லுசாக்காவிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"மேற்படி ஆசிரியை, தீவில் எலி ஒழிப்புப் பணியில் இன்றியமையாதவர் என மாகாணம் கருத்துத் தெரிவித்துள்ளதால், அவரது இடமாற்றக் கோரிக்கை தற்போதைக்கு ஏற்கப்படவில்லை."

மூன்று முறை படித்தேன். தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீ எப்பம்மா எலி புடிச்சே?" என்று கேட்டார். நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எலி ஒழிப்பு எங்கிருந்து வந்தது? விவசாயத் துறைக் கோப்போடு என்னுடையதைச் சேர்த்துக் கட்டிவிட்டார்களா?

இதோடு நிற்கவில்லை. அதே படகில் இருபத்து நான்கு எலிப்பொறிகள் வந்திருக்கின்றன, என் பெயருக்கு. மூன்று வருடமாய்ச் சாக்பீஸ் கேட்டு எழுதுகிறோம், ஒரு துண்டு வரவில்லை. கேட்காத எலிப்பொறி கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் என்னை எலி டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

யோபேயிடம் இதை என்னவென்று சொல்ல? நீ பதிவேட்டு அறையில்தானே இருக்கிறாய்? அந்தக் கருத்தை எழுதிய மடையன் யார் என்று பார்த்துச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

தோக்கோசிலே

*

பதிவேட்டு அறை,
6 ஜூன் 1988

அன்புள்ள தோக்கோசிலேவுக்கு,

படித்ததும் மனசு சங்கடப்பட்டது. லுசாக்காக்காரர்கள் எதை எதோடு சேர்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். கோப்பு அங்கேயே இருப்பதால் இங்கிருந்து பார்க்க வழியில்லை. விசாரிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். அவசரப்பட்டு நீயாக லுசாக்காவுக்கு எழுதாதே. இன்னும் சிக்கலாகும். ஆகஸ்ட் வரைக்கும் பொறு. ஜூலையில் இங்கே கொஞ்சம் மாறுதல் இருக்கும், அதன் பிறகு எனக்கும் பேச வசதிப்படும். யோபேயிடம் அலுவலகத் தாமதம் என்று சொல்லு. எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

உன்,
கசோண்டே

*

சிபுந்து தீவு,
19 ஜூலை 1988

கசோண்டே,

என்ன, 'அன்புள்ள' என்றெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டாய்? உடம்புக்கு ஏதாவதா? உன்னிடமிருந்து ஏச்சு வராவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

லுசாக்காவிலிருந்து இப்போது ஒரு படிவம். இந்தக் காலாண்டில் ஒழித்த எலிகள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை. நான் 'இல்லை' என்று நிரப்பினேன். தலைமை ஆசிரியர் தடுத்துவிட்டார். "இல்லைன்னு போட்டா ஏன் இல்லைன்னு கேப்பான். ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுத் தொலைம்மா" என்றார். பதினொன்று என்று போட்டேன். அரசாங்கத்துக்கு நான் சொன்ன முதல் பொய்.

யோபேக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் பதில்: "எலி புடிக்கறதுக்காக கவர்மெண்ட் உன்னை விடமாட்டேங்குதுன்னு எங்க மாமாக்கள்கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?" அவருடைய மாமாக்கள் அக்டோபர் முதல் வாரம் எங்கள் அப்பா வீட்டுக்கு வருகிறார்களாம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள், அதை என்ன செய்வது என்று பேசப் போகிறார்கள். அதற்குள் என் கையில் ஆணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் குடும்பம் போயிற்று. உனக்குப் புரியும்படி இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் நானே வந்து குறிப்புத் தாளின் நகலைப் பார்க்கிறேன். நகல் மாகாணத்தில் இருக்கும் என்று தலைமை ஆசிரியர் சொல்கிறார்.

தோக்கோசிலே

*

மாகாண அலுவலகம்,
2 ஆகஸ்ட் 1988

தோக்கோசிலே,

நீ வருவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். அதை எழுதிய மடையன் நான்தான்.

அன்றைக்கு நீ சிரித்துவிட்டுப் போன பிறகு அறை முழுக்க உன் பேச்சுதான். அந்தச் சூட்டில், உன் குறிப்புத் தாளில் 'மாகாணத்தின் கருத்து' என்ற இடத்தில் பென்சிலால் எழுதினேன்: "இந்த ங்கோனிப் பெண்ணை விட வேண்டாம். இவள் வந்த பிறகுதான் தீவில் எலித் தொல்லை குறைந்திருக்கிறது." பக்கத்து மேசையில் தட்டச்சு செய்கிறவள் எங்கள் பெம்பாப் பெண். படித்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுவாள், கீழே நான் எழுதிய சரியான குறிப்பை மட்டும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மாற்றாக வந்தவள் மேலே இருந்ததை அடித்தாள், கீழே இருந்ததை விட்டாள். முபியானா நாற்பதில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் நகலைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குக் கடிதம் போட்ட மறு வாரம். சொல்லவில்லை. அரசாங்கக் கோப்பில் கேலி எழுதியவனுக்குத் தலைமை எழுத்தர் பதவி தருவார்களா? பயந்துவிட்டேன். சென்ற மாதம் இருபதாம் தேதி என் பதவி ஆணை வந்தது. இன்று காலை முபியானாவிடம் போனேன்.

"சார், அது கேலி சார். எங்க முறை உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாம என்ன? நாங்க லோசி இனம். டோங்காக்காரன் கிடைச்சா நாங்க விடுவோமா?" அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல கேலிதான்யா. ஆனா கோப்புல சிரிக்கறதுக்குன்னு கட்டம் கிடையாதே. மார்ச்சுல சொல்லியிருந்தா ஒரு துண்டுச் சீட்டுல முடிச்சிருப்பேன். இப்ப லுசாக்கா முடிவு எடுத்தாச்சு, பொறி வாங்கியாச்சு. எலி இல்லைன்னு நாம சொன்னா, அப்ப இருக்குன்னு சொன்னது யாருன்னு கேப்பான்."

"நான்தான்னு எழுதித் தரேன் சார்."

"எழுது. மூணு நகல்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் தன் குறிப்போடு அனுப்பியிருக்கிறார். நமக்குள் கோபப்படக் கூடாது என்று முறை இருக்கிறது. அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுது.

கசோண்டே

*

மாகாண அலுவலகம்,
20 அக்டோபர் 1988

எலி தின்னி,

இரண்டரை மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆகஸ்டில் இந்த வழியாகத்தான் லாரி ஏறிச் சிப்பாட்டா போனாய் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்துக்கு வரவில்லை.

ஆணை கையெழுத்தாகிவிட்டது. என் கையாலேயே உறையில் போட்டு, இரண்டு தடவை படித்துப் பார்த்து ஒட்டினேன். சிப்பாட்டா. எனக்கு ஒரு கண்டனக் குறிப்பும் வருடாந்திர உயர்வு நிறுத்தமும் கிடைத்தன. பதவி தப்பியது. இனிமேலாவது ஒரு வார்த்தை ஏசி எழுது. உன் ஏச்சு இல்லாமல் எனக்கு இந்த அறை கல்லறையாக இருக்கிறது.

உன் எஜமான் இல்லை, வேலைக்காரன்,
கசோண்டே

*

சிபுந்து தீவு,
14 நவம்பர் 1988

பெறுநர்: தலைமை எழுத்தர் அவர்கள், மாகாண அலுவலகம்

ஐயா,

தாங்கள் அனுப்பிய இடமாற்ற ஆணை 9ஆம் தேதி கிடைத்தது. 'கணவருடன் சேர்ந்து வாழும் பொருட்டு' என்று அதில் காரணம் கண்டிருக்கிறது.

அக்டோபர் 2ஆம் தேதி அவருடைய மாமாக்கள் வந்தார்கள். என் பக்கத்து நியாயமாக, லுசாக்கா அனுப்பிய அந்தக் கடிதத்தை அப்பாவிடம் முன்பே அனுப்பியிருந்தேன். அப்பா அதை எடுத்துக் கொடுத்தார். மூத்த மாமா படித்துவிட்டு, "எந்த அரசாங்கமாவது இப்படி எழுதுமா? வர இஷ்டமில்லாம இவளே டைப் அடிச்சு அனுப்பியிருக்கா" என்றாராம். அப்பா, முத்திரையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெம்பாக்காரன் ஒருவனோடு நான் ஓயாமல் கடிதம் போட்டுக்கொள்வது அவர்களுக்குத் தெரியும், முத்திரைக்கு என்ன பஞ்சம் என்று கேட்டார்களாம். அதோடு பேச்சு முடிந்தது. யோபே போன மாதக் கடைசியில் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடம் காத்திருந்தார். ஆகஸ்டில் நான் போனபோதும், "நான் நம்பறேன் தோக்கோ, ஆனா நம்பறேன்னு வெளிய சொல்ல முடியலை" என்றார். மார்ச்சில் தாங்கள் ஒரு துண்டுச் சீட்டு எழுதியிருந்தால் அவர் சொல்லியிருப்பார். தங்களுக்கு வாய் திறந்தது, பதவி ஆணை கைக்கு வந்த பதின்மூன்றாம் நாள். நான் எண்ணிப் பார்த்தேன்.

ஆணையை ரத்து செய்ய முடியுமா என்று தலைமை ஆசிரியர் விதிப் புத்தகத்தில் தேடினார். மனுதாரரே கேட்டு வாங்கிய இடமாற்றத்தை ரத்து செய்ய வழி இல்லையாம். பதினான்கு நாளில் சேர வேண்டும். எனவே அடுத்த படகில் புறப்படுகிறேன். அதே ஊரில், அவரும் புது மனைவியும் போகும் அதே சந்தைக்குப் போய்க்கொண்டு இருப்பேன். எலிப்பொறிகள் இருபத்து நான்கையும் எண்ணித் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டேன். பதிவேட்டில் என் பெயரை இனி என் பிறந்த வீட்டுப் பெயரில் திருத்திக்கொள்ளக் கோருகிறேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் பெம்பாக்கள் வருவார்கள். வெட்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, பிணத்தைக் கேலி பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். யார் வருகிறார்கள் என்று பார்த்தே செத்தவரின் மதிப்பைச் சொல்வோம். என் குழியில் தாங்கள்தான் வந்து படுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

தாங்கள் வர வேண்டாம். அவர்கள் அழுதுகொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
தோக்கோசிலே சோகோ,
ஆசிரியை