இறங்கிய ஷட்டர்

என் செல்ல மாலதிக்கு,

உன் பெயரை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் நீ கண்மூடியதிலிருந்து லேபர் கேம்ப்பில் நம் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. விக்ரோலியில் உன் வீட்டிலும் அப்படித்தான். மாப்பிள்ளை சுதாகர்தான் முதலில் கேட்டுக்கொண்டார். "மாமா, கயல் முன்னாடி அவ பேச்சை எடுக்காதீங்க. ஏங்கி ஏங்கி அழுறா. நான் ஒருத்தன் எப்படிச் சமாளிக்கிறது?" என்றார். நாலு வயதுப் பிள்ளையைத் தனியாக வளர்க்கிறவர். சரி என்றோம். அன்றைக்கே உன் படத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்தார்.

போன வாரம் உன் ஆய்வகத்திலிருந்து பிராச்சி கூப்பிட்டாள். உன் மேஜையில் கிடந்ததை எடுத்துப் போகச் சொன்னாள். வெள்ளைக் கோட்டும் டிபன் டப்பாவும்தான். கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன வட்டத் தட்டை எடுத்துக் காட்டினாள். "அங்கிள், ஏ தேக்கோ. மாலதி கா யீஸ்ட். அபீ பீ ஜிந்தா ஹை."

உன் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதாம். அவள் பாட்டுக்கு உன் பெயரைச் சொல்லிவிட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தட்டு முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். நீ பாவ் ரொட்டி வாங்கி வந்து, அதை உப்ப வைக்கிற ஈஸ்டைப் பற்றி எனக்குச் சொன்ன காலை நினைவுக்கு வந்தது. ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் நீளமான டிஎன்ஏ முழுவதையும் முதலில் நகலெடுக்க வேண்டும். ஒரே முனையிலிருந்து தொடங்கினால் எப்போது முடியும்? தொண்ணூறடி ரோட்டில் கேபிள் பள்ளம் வெட்ட அங்கங்கே ஒரு கும்பல் நிற்குமே, அதுபோலப் பல இடங்களில் தொடங்குகிறது. தொடங்கும் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பது ஒரு புரதக் கூட்டம். அதே கூட்டம் சில இடங்களில் வேறொரு வேலையும் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் ஜீனை ஊமையாக்கும் புரதங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது.

"அழிச்சிருமோ?" என்று கேட்டேன்.

"அழிக்காதுப்பா. கடை இருக்கும், சரக்கு இருக்கும். ஷட்டர் மட்டும் இறங்கிக் கெடக்கும். தெருவ நகலெடுக்கும்போது ஷட்டரும் இறங்குனபடியேதான் வரும்."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உதாரணம் சொல்லிப் பிழைத்தவன் நான். அன்றைக்கு உன்னிடம் தோற்றதில் எவ்வளவு சந்தோஷம்!

தாய் செல்லில் ஊமையாக இருந்தது சேய் செல்லிலும் ஊமையாகவே இருக்கும் என்றாய். நீ வைத்த ஜீன் ஊமையானால் பொட்டு சிவக்கும், பேசினால் வெளுக்கும். பிராச்சி காட்டிய தட்டில் ஒரே ஒரு பொட்டில் கேக் துண்டு மாதிரி வெள்ளைக் கீற்று இருந்தது. அங்கே மட்டும் ஷட்டர் ஏன் திறந்தது? நீ தேடிக்கொண்டிருந்தது அதைத்தானாம். உனக்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் விக்ரோலி போனோம். சுதாகர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்த உன் டிபன் டப்பாவைக் கயல் பார்த்துவிட்டாள். எடுத்து, மூடியில் விழுந்த பள்ளத்தை விரலால் தடவினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, மாலதி.

"இது யாரோடது, கண்ணு?" என்றேன்.

சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "தாத்தா, வோ நை போல்னேகா."

அதைச் சொல்லக் கூடாதாம். அழவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவைத் திறந்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள். அப்படியே அவள் அப்பா செய்தது.

திரும்பும்போது ரயிலில் உன் அம்மா, "பிள்ள இப்பத்தான் ஒழுங்கா உறங்குது. நீங்க போயி ஏன் கிண்டுதீய?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாட்டுங்கா வரும்வரை எடுக்கவில்லை.

உன் ஈஸ்டில் எத்தனை தலைமுறை போனாலும் ஷட்டருக்குப் பின்னால் சரக்கு கெடாது. பிள்ளையின் மனசு அப்படியா? பள்ளம் விழுந்த மூடி அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன் குரல் இருக்கிறதா? அடுத்த மழைக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இதை உன்னிடம்தான் கேட்டிருப்பேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். சுதாகரிடம் முதலில் பேசுவேன். கோபப்படுவார், ஒருவேளை உடைந்து அழுவார். பேசிவிட்டுக் கயல் பக்கத்தில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்வேன். அவள் என் வாயைப் பொத்தினால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்வேன். ஒன்றும் திறக்காமலும் போகலாம் என்று தெரியும். ஆனாலும் சொல்வேன், மாலதி.

இப்படிக்கு,
உன் அப்பா