கேன் தண்ணீரா, போர்த் தண்ணீரா?

ஐப்பசி, வியாழக்கிழமை

குவாரிக் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்கள் போர்த் தண்ணீரைச் சோதிக்க வந்தார். கல் அறுக்கும் கழிவுச் சேற்றை அவர்கள் தேக்கும் குட்டை, எங்கள் தோட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் அடியில் ஷீட் விரித்திருக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பக்காவா இருக்குண்ணே" என்றார். பக்கா என்றால் காட்ட வேண்டியதுதானே? போய்ப் பார்க்கலாமா என்றதற்கு, "மொதல்ல மோட்டாரைப் போடுங்கண்ணே" என்றார்.

மோட்டாரைப் போட்டேன். ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. தாராளமாக் குடிக்கலாம்" என்று சோதனை அறிக்கைத் தாளை நீட்டினார். முடிவு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் மனைவி செல்வி காபி கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "அக்கா, இது கேன் தண்ணியா, போர்த் தண்ணியா?"

"கேன் தண்ணிதான், குடிங்க" என்றாள். முழுவதும் குடித்துவிட்டுத் தேனிக்குக் கிளம்பிவிட்டார்.

"எதுக்கு அப்புடிக் கேட்டாக?" என்று செல்வி என்னைப் பார்த்தாள்.

நாங்கள் கேன் தண்ணீர் வாங்கியதே இல்லை.

சாப்பிடும்போது சின்னவள் தண்ணீர் கேட்டாள். சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.