உடுமலையில் ஐம்பது நிமிடம்

காலை 7.40.

நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் கம்பெனியில் இருப்பேன். சோறும் கொள்ளுப் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். வாடகைக் காரின் சாவி டிவி மேல். மூன்று மணிக்கு நாம் இருவரும் அமராவதி நகர் புறப்பட வேண்டும். விடுதியில் நம் மகள் வெயினி வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரில் நாற்பது சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது. நேற்று நீங்கள் காரை அயர்ன் பாக்ஸ் பிளக்கில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனீர்கள். இரவில் கரண்ட் ஒன்றும் போகவில்லை. நான்தான் வேண்டுமென்றே கழற்றினேன்.

வீட்டு பிளக்கில் முழுதாக ஏற ஒன்பது மணி நேரம். போகும் வழியில், உடுமலையில் வேகமாக ஏற்றும் இடத்தில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடம் நீங்கள் ஷிப்டுக்குக் கிளம்ப முடியாது. "பொறகு பேசலாம் கண்ணு" என்று திரும்பிப் படுக்கவும் முடியாது. மூன்று வாரமாக அதைத்தான் சொல்கிறீர்கள்.

விடுதியில் இருக்க முடியவில்லை, வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்கிறாள் வெயினி. எனக்குச் சம்மதம். உங்கள் மனதில் என்ன என்று தெரியவில்லை. அதைப் பள்ளிக்கூட வாசலில், அவள் முகத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

வந்தவுடன் மாட்டினால், கிளம்புவதற்குள் வழியில் நிற்காமல் போய்வரும் அளவுக்கு ஏறிவிடும். மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் விருப்பம்.

பூங்குழலி

மோர் பிரிட்ஜில் இருக்கிறது.

நேற்றும் போனில் முதலில் இதைத்தான் கேட்டாள்: "அப்பாகிட்டச் சொன்னயாம்மா? என்ன சொன்னாங்க?"