கர்ப்பப்பை பத்திரமா இருக்கும்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முட்டிவலி தேவலையா?

போன மாதம் தையல் மிஷினை விட்டு எழுந்தால் ஸ்டூலெல்லாம் ரத்தம். பக்கத்து மிஷின் அக்காதான் தன் துப்பட்டாவை என் இடுப்பில் கட்டி டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். உனக்குச் செய்த மாதிரி எனக்கும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்று ஒரே உதறல்.

ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "கட்டி எதுவும் இல்லம்மா. முதல்ல மாத்திரை. கேக்கலைன்னா கர்ப்பப்பைக்குள்ளே வைக்கிற சின்னக் கருவி இருக்கு, அது ரத்தப்போக்கைக் குறைச்சிடும். ஆபரேஷன் பேச்சே இப்ப வேண்டாம்."

ரத்தம் போகும் நாட்களில் மட்டும் மாத்திரை. இந்த மாதம் பாதியாகக் குறைந்துவிட்டது. நிம்மதியாக உட்கார்ந்து தைக்கிறேன்.

யாராவது இங்கே வந்தால் உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்காமல் அனுப்பு, உன் வாசனை அதில் இருக்கட்டும். கம்பெனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்