முட்டிக்கு அடியில் வைத்த தலையணை

ஆம்பூர்
12-8-1963

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நந்துவும் நல்லபடி இருக்கவேண்டும். உன் அண்ணன் கிருஷ்ணராஜை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ரத்தம் உறையாத உடம்புக்காரர்களும் தேகப்பயிற்சி செய்யலாம் என்கிறார் புது டாக்டர். வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கிறேன், முதலில் எனக்குக் காட்டுங்கள் என்று பெரிய வஸ்தாது மாதிரி அங்கேயே பாயில் படுத்தேன். முட்டியை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், தொடை பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை, கடைசியில் நோயாளிதான் கைகொடுத்தான். “இன்னாப்பா, உன்ன இங்க சேத்துட்டு நான் பஸ் ஏறட்டுமா” என்றான். அவன் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

வீக்கமும் வலியும் உள்ளபோது ஐஸ் வைத்து அசையாமல் இருக்கவேண்டுமாம், அடங்கியதும் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையை இறுக்கித் தளர்த்தி, பிறகு காலைத் தூக்கிப் பழகவேண்டுமாம், தொடையில் சதை இருந்தால்தான் முட்டி தாங்கும், ரத்தம் கட்டுவதும் கம்மியாகும் என்றார். யாரும் பிடித்து இழுக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ கூடாது. வலது காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மடங்கின இடது கால் இனிமேல் நேராகாது என்றும் சொன்னார். கிருஷ்ணராஜ் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு, வீங்கும்போது முட்டிக்கு அடியில் எதையாவது வைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். தலையணை என்றேன். வலிக்கு அது சுகம்தான், ஆனால் அந்த மடிப்பிலேயே முட்டி இறுகிப்போகும் என்றார். அவன் வளர வளர உன் அம்மா இலவம்பஞ்சு அடைத்துப் பெரிதாகத் தைத்துக்கொடுத்தாளே, அதுதான்.

நந்துவுக்கும் முட்டி வீங்கிற்று என்று நீ எழுதினதிலிருந்து அவனுக்கும் சின்னதாக ஒன்று தைத்தாள், பார்சலில் வருகிறது. அதைக் குழந்தையின் தலைக்கு மட்டும் வை, முட்டிக்கு அடியில் வைக்கவே வைக்காதே, அங்கே பெரிய டாக்டரிடம் காட்டிப் பயிற்சியைக் கேட்டுக்கொள். தலையணை உபயோகமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரு கார்டு போடு, மற்றதை எழுதாதே. இதை வேலை செய்யும் ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்குப் பதிலை ஷெட் விலாசத்துக்கே போடு. நந்து ஓடியாடி நூறு வயது இருக்கட்டும், உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

பார்சலுக்குத் துணி சுற்றித் தைக்கும்போது அம்மா, “இந்தத் தலையணை இல்லன்னா நம்ம புள்ள கால் இன்னும் மோசமாப் போயிருக்கும், இல்லீங்களா” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊசிக்கு நூல் கோத்துக்கொடுத்தேன்.

உன் அப்பா
பக்தவச்சலம்