ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

ஒரகடம்,
டிசம்பர் 11, புதன்கிழமை

அன்புள்ள மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி எழிலரசன் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜோயலும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். வாட்ஸப் இருக்கும்போது அம்மா எதற்காக இத்தனை பக்கம் தாளில் எழுதியிருக்கிறாள் என்று யோசிப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே “மா, வேற எதனா பேசு” என்கிறாய், மீறிப் பேசினால் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கோபத்தில் மடித்து வைத்தாலும் தூங்குவதற்குள் பிரித்துப் பார்த்துவிடுவாய், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியும். அடுத்த தெரு கவிப்பிரியா கம்பெனி வேலையாக உங்கள் ஸ்டுட்கார்ட்டுக்கே வருகிறாள், அவளிடம் பருப்புப்பொடி, மோர் மிளகாய், ஜோயலுக்குப் பிடிக்கும் என்றாயே அந்த முறுக்கு எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

வீட்டு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், எல்லாம் அதில்தான் வெளியே வந்தது. வடக்குப்பட்டில் நம் நிலமும் வீடும் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு பதினாறு வருஷமாக இந்த வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இப்போது வீட்டுக்காரர் இதை இடித்துவிட்டு கம்பெனிப் பையன்களுக்கு வரிசையாக ரூம் கட்டப் போகிறாராம், மாசி மாசத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனிமேலும் வாடகைக்குப் போக வேண்டாம், அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் சின்னதாகச் சொந்த வீடே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அப்பா என்னைக் கேட்டார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை, நானும் விடுவேனா. பெரிதாக வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், சத்தம் மட்டும் இருக்கக் கூடாது என்றேன். இங்கே கண்டெய்னர் லாரி போனால் அலமாரியில் தட்டெல்லாம் தானாக நகர்ந்து விளிம்புக்கு வருகிறது. அங்கன்வாடியில் பகல் முழுக்க முப்பது பிள்ளைகளின் கூச்சல், வீட்டுக்கு வந்தால் ஹாரன். அமைதியாக ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அப்பா வீடு தேடியதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம், அதில் கடைசிப் பத்து வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர் அல்லவா, வீட்டையும் அப்படித்தான் பார்த்தார். ஒரு நோட்டில் கோடு போட்டு சுவர் விரிசல், ஓதம், தரைச் சரிவு, கிணற்றுத் தண்ணீர், பட்டா, வெள்ளம் வந்தால் எதுவரை வரும் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். எழில் பைக்கில்தான் போக வேண்டும், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அதனால் பார்த்த வீடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான். நான் கூடப் போகவில்லை. நீங்கள் சலித்துக் கொண்டு வாருங்கள், கடைசியில் நிற்பதை மட்டும் நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு நல்ல வீடு, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம், வாசல் நிலை உயரம் போதாது என்று தள்ளிவிட்டார். நாம் என்ன ஒட்டகமா வளர்க்கப் போகிறோம் என்று கேட்டேன், அவர் பாட்டுக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். புரோக்கர் சுப்பன் எழிலிடம், “உங்கப்பா வூடு வாங்க வர்ல, வூட்டுக்குப் பரீச்சை வைக்க வந்துகிறாரு” என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் போனையே எடுக்கவில்லை.

பன்னிரண்டாவதாகக் கிடைத்ததுதான் மணிமங்கலம் ஏரிக்கரைப் பக்கத்து வீடு. தாவீது என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஓசூரில் இருக்கிற மகனோடு போகிறார், அதனால் விற்கிறார். மொட்டை மாடியில் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும், வீடு நல்ல மேட்டில் இருக்கிறது, போன பெருமழையில்கூடத் தெருவோடு தண்ணீர் நின்றுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரித்து நோட்டில் எழுதிவைத்திருந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “நீ கேட்ட மாதிரியே, ஒரு சத்தம் இல்ல மீனா” என்பார். முகத்தில் அவ்வளவு பூரிப்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை வந்து பார்த்துவிடு என்றார்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். எழில் ஷிப்டுக்குப் போய்விட்டான், நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம். தெருமுனையில் இறங்கும்போதே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. வீட்டுக்குள் போனதும் சந்தேகமே இல்லை. பின்பக்கம் காம்பவுண்டுக்கு அந்தப்புறம் ஒரு பட்டறை, தகடு அடிக்கிற பிரஸ், டம் டம் என்று இரண்டு நொடிக்கு ஒரு அடி. தாவீது சார் கொடுத்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. அவர் சாதாரணமாகப் பேசுவதே கத்துவது போலத்தான் இருந்தது, அந்த வீட்டில் இருந்து பழகிவிட்டது. உன் அப்பாவோ பக்கத்தில் நின்றுகொண்டு, நான் பார்த்து வைத்ததைப் பார் என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. வாத்தியார் ஏமாற்றிவிட்டார் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லி இப்படித் தலையில் கட்டப் பார்க்கிறீர்களே என்றேன். அந்த மனிதர் திகைத்துவிட்டார். “நான் மொத நாளே சொன்னனேம்மா. பின்னாடி பட்டறை கீது, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு, மத்த நாள்ல வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு மாடியில நின்னு சொன்னேன். சாரு சரி சரின்னு தலையாட்டினாரே” என்றார். மாடியில் எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். எழில் கீழே பைக்கிடம் நின்றுவிட்டானாம், இவர்கள் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் நின்றார்களாம். அப்பா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அவருக்கு நேராகப் போய் நின்று, இப்போது சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். அவர் பின்பக்க ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து அடி எண்ணினார். “இருநூத்தம்பது டன் பிரஸ்ஸு. நிமிஷத்துக்கு முப்பது அடி. டை அச்சு சரியா உக்கார்ல, எகிறுது” என்றார். தாவீது சார் வாயைப் பிளந்துவிட்டார். அப்பா கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை, நான்தான் போய் எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துக் கேட்டேன். ஐந்தாறு வருஷமாகவே காது கேட்பது குறைந்துகொண்டு வந்திருக்கிறது. கம்பெனியில் காதுக்கு வைத்துக்கொள்ளத் தக்கை கொடுத்தார்கள், இவர்தான் மெஷின் சத்தம் மாறினால் தெரியாது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். பிரஸ் ஷாப்பில் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை, வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்திலேயே வீட்டிலும் ஓட்டிவிட்டார். முப்பது பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்குக் காது வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்கிற எனக்கு, பக்கத்தில் படுக்கிற மனிதரைத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது நினைத்தால் எல்லாம் வரிசையாக வருகிறது. அவர் பைக் ஓட்டிய காலத்தில் பின்னால் உட்கார்ந்து நான் பேசினால் பதிலே சொல்ல மாட்டார், திமிர் என்று நினைப்பேன். கொரோனா காலத்தில் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு பேசியபோது ரேஷன் கடையிலிருந்து பால்காரர் வரை எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். நீ வீடியோவில் வந்தால் படம் நின்று நின்று வரும், உன் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், அவர் எழுந்து போய்விடுவார்.

உன் போனை ஏன் வாங்கிய கையோடு என்னிடம் தள்ளிவிடுகிறார் என்றும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போன்ல அவ பேசறது கொழகொழன்னு வருது. அவ ஒண்ணு கேட்டு நான் ஒண்ணு சொல்லிட்டா? ஏற்கனவே ஒரு தபா மனசு நோவப் பேசினவன். அதான் சரி சரின்னுட்டு உன்னாண்ட குடுத்துடறேன்.”

நீ ஜோயலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பிறகு எங்களுக்குச் சொன்னபோது அவர் பேசியது தப்புதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் ஆறு மாசம்கூட நிற்கவில்லை. விநாயகர் சதுர்த்தி அன்று நீ போன் செய்து, அப்பாவிடம் கொடு என்றாய். நான் அடுப்பில் கொழுக்கட்டையை வைத்துவிட்டு இருந்தேன். பத்து நிமிஷம் போல நீ பேசினாய், அவர் வாசலில் நின்று நடுநடுவே சரி சரி என்றார், பிறகு என்னிடம் கொடுத்தார். நீ அழுதுகொண்டிருந்தாய். மனசில் இருந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், சரி என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை, இனிமேல் அவரிடம் கொடுக்காதே, புது வீடு வாங்கினாலும் நான் வந்து நிற்க மாட்டேன் என்றாய். மூன்று மாசமாக அதே பிடிவாதம். புரியாமல் எதற்கு அவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று பஸ் ஸ்டாப்பிலேயே கேட்டுவிட்டேன். “பேச்சு புரியல. அவ கொரலு வந்துகினே இருந்துது, வைக்க மனசு வர்ல” என்றார்.

காது டாக்டரிடம் காட்டினோம், இரண்டு காதுக்கும் மெஷின் போட்டிருக்கிறது. முதல் நாள் மிக்ஸி போட்டதும் பயந்து எழுந்துவிட்டார். நேரில் பேசினால் பரவாயில்லை, போனை வைத்தால் கீச்சென்கிறது, பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னார். மணிமங்கலம் வீட்டை விட்டுவிட்டோம். ஆனால் தாவீது சார் நல்ல மனிதர், அதே ஏரிக்கு எதிர்க்கரையில் அவருக்குத் தெரிந்த வீடு ஒன்றைக் காட்டினார். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம், அதுவும் செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில். சுவரை அவர் பார்த்தார், சத்தத்தை நான் பார்த்தேன். தூரத்தில் ஒரு நாய், பக்கத்து வீட்டுக் குக்கர், வேறொன்றும் இல்லை. தை பிறந்ததும் பதிவு. கிளம்பும்போது அப்பா நாடாவை எடுத்து வாசல் நிலையை அளந்தார், ஏழடி என்று நோட்டில் எழுதி இரண்டு தடவை டிக் போட்டார். வெறும் வாசலுக்கு எதற்கு இந்தப் பாடு என்று நேருக்கு நேர் நின்று கேட்டேன். “போட்டோல பாக்கல? அந்தப் பையன் நல்ல ஒசரம். வரும்போது தலை இடிக்கக் கூடாது” என்றார்.

அன்றைக்கு நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நீ சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதில் ஒரு வார்த்தைகூட அவரைப் போய்ச் சேரவில்லை இசை. இப்போது தினமும் என்னைக் கேட்கிறார், அவ என்ன சொன்னா, அவ என்ன சொன்னா என்று. நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. தாளில் எழுது. பெரிய எழுத்தெல்லாம் வேண்டாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. இத்துடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன், மேலே விலாசத்தை அவரே எழுதிக் கொடுத்தார். ஸ்டாம்பு மட்டும் நீ ஒட்ட வேண்டும்.

காலை வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு சேர்ந்திருக்க வேண்டும், கிரகப்பிரவேசத்துக்கு அந்த ஏழடி வாசலில் முதலில் நுழைவது நீங்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும். இந்த வீட்டு விலாசம் மாசி வரைக்கும்தான் செல்லும், அதற்குள் எழுது.

ஆசியுடன்,
உன் அம்மா
ந. மீனம்மாள்